மின்னஞ்சலில் வந்த இணைப்பு திறக்கவில்லையா? பழுது எங்கே என்று கண்டறியும் முழுமையான வழிகாட்டி

மின்னஞ்சலோடு வந்த கோப்பைத் தட்டினால் சிறிது நேரம் வட்டம் சுற்றிவிட்டு, 'இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை' என்ற ஒற்றை வரி தோன்றி நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் இருக்கக்கூடும். கோப்பு பாதியிலேயே அறுபட்டு வந்திருக்கலாம்; முழுமையாக வந்தும் அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் நம்மிடம் இல்லாதிருக்கலாம்; கடவுச்சொல் தேவைப்படலாம்; பாதுகாப்புக் கருதிக் கணினியே தடுத்து வைத்திருக்கலாம்; கோப்பு திறந்தும் அதிலுள்ள தமிழ் மட்டும் கிறுக்கலாகத் தெரியலாம். பெரும்பாலோர் இவற்றுள் எது தம்முடைய சிக்கல் என்று பார்ப்பதற்கு முன்பே, எல்லாக் கோப்புகளையும் திறப்பதாகச் சொல்லும் ஏதேனும் ஒரு செயலியைத் தேடி நிறுவிவிடுகிறார்கள். அதனால் பழுது தீர்வது அரிது; விளம்பரங்கள் பெருகுவது உறுதி. எனவே புதிதாக எதையும் நிறுவாமல் செய்யக்கூடிய சோதனைகளிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: பழுது கோப்பிலா, கருவியிலா?

திரையில் தோன்றிய பிழைச் செய்தியை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அனுப்பியவரிடம் பேசும்போது அது உதவும். அடுத்து இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். அதே மின்னஞ்சலை வேறொரு கருவியில், அதாவது கைபேசியில் பார்த்திருந்தால் கணினியிலும் கணினியில் பார்த்திருந்தால் கைபேசியிலும் திறந்து பாருங்கள். பிறகு, சிக்கல் வந்த கருவியிலேயே அதே வகையைச் சேர்ந்த வேறொரு பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். புதிய கோப்பு எந்தக் கருவியிலும் திறக்காமல், பழைய கோப்பு மட்டும் ஒழுங்காகத் திறந்தால் பழுது கோப்பில் இருக்கிறது. பழைய கோப்பும் திறக்கவில்லையென்றால் கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் கருவியிலோ அதிலுள்ள மென்பொருளிலோதான் கோளாறு. இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் அனுப்பியவருக்கு மூன்று முறை மறுபடி அனுப்பச் சொல்லி எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான்.

இரண்டாம் படி: கோப்பு முழுமையாக வந்ததா?

மின்னஞ்சல் நெறிமுறை முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளைக் கடத்துவதற்காக உருவானது. படமும் ஒலியும் ஆவணமும் அதில் பயணம் செய்ய வழிவகுத்தது, 1992ஆம் ஆண்டில் நத்தானியல் போரென்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த 'மைம்' என்ற தரமுறை. அம்முறையில் இணைப்புகளுக்கு வழக்கமாகப் பயன்படும் 'பேஸ்64' குறியீட்டில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. பெறும் இடத்தில் மீண்டும் பழைய வடிவத்துக்குத் திருப்பப்படுகிறது. ஆகவே 15 எம்பி கோப்பு வழியில் ஏறத்தாழ 20 எம்பி ஆகிவிடும். அளவு வரம்புக்குள் இருப்பதாக நினைத்து அனுப்பிய கோப்பு சில நிறுவனங்களின் வழங்கியில் (சர்வரில்) திருப்பப்படுவதற்கு இந்த வீக்கமே காரணம்.

கோப்பு முழுமையாக வந்ததா என்று அறிய, மின்னஞ்சலில் கோப்பின் பெயருக்கு அருகில் காட்டப்படும் அளவையும், பதிவிறக்கிய பின் உங்கள் கருவியில் காட்டப்படும் அளவையும் ஒப்பிடுங்கள். சிறு வேறுபாடு இருந்தால் கவலையில்லை. மின்னஞ்சலில் 4 எம்பி என்றிருப்பது உங்களிடம் 600 கேபியாக இருந்தால் பதிவிறக்கம் இடையில் அறுந்திருக்கிறது. அரைகுறைக் கோப்பை அழித்துவிட்டு, கைபேசியில் சேமிப்பிடம் மீதமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் இறக்குங்கள். இரண்டு இடங்களிலும் 0 கேபி என்றே இருந்தால், வந்தது வெற்று உறை. அனுப்பியவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

மின்னஞ்சலுக்குள்ளேயே தெரியும் முன்தோற்றத்தைக் கோப்பு என்று எண்ணிவிடக் கூடாது. முன்தோற்றம் தோன்றவில்லை என்பதால் கோப்பு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. முதலில் கோப்பைக் கருவியில் சேமித்து, சேமித்த இடத்திலிருந்து திறந்து பாருங்கள். இணைப்பே காணவில்லையென்றால், அந்த மின்னஞ்சல் ஒரு பதில் மடலா என்று கவனியுங்கள். மடலுக்குப் பதில் எழுதும்போது இணைப்புகள் உடன் செல்லாது. 'ஃபார்வர்டு' செய்தால்தான் செல்லும்.

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு இணைப்பாகச் செல்லாமல் கூகுள் டிரைவின் சுட்டியாக மாறிவிடும். அதைத் தட்டும்போது அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம் வந்தால் கோப்பில் பழுதேதும் இல்லை. அனுப்பியவர் பகிர்வு அனுமதியைத் திறந்துவிடவில்லை, அல்லது நீங்கள் வேறொரு கணக்கின் வழியாக நுழைந்திருக்கிறீர்கள். அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே உலாவியில் இருப்போருக்கு இந்த இரண்டாவது காரணம் அடிக்கடி நேரும்.

மூன்றாம் படி: பெயரின் வாலைப் பாருங்கள்

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளே அதன் வகையைச் சொல்கின்றன. அதை நீட்டிப்பு என்பார்கள். விண்டோஸ் வழக்கமாக இந்த வாலை மறைத்தே காட்டும். விண்டோஸ் 11இல் கோப்புறைச் சாளரத்தின் மேற்பகுதியில் 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் வால் தெரியும். இதை ஒருமுறை செய்துவிட்டு அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுங்கள் என்பது என் பரிந்துரை. திறப்பதற்கு மட்டுமின்றிப் பாதுகாப்புக்கும் அது உதவும்.

வாலே இல்லாத கோப்பும் சில நேரம் வரும். கோப்புக்கு நீண்ட தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இது நேரக்கூடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் இடம் பிடிக்கும். புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறியீடுகளாகக் கணக்கிடப்படும். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது என்பதால், 85 குறியீடுகளிலேயே தமிழ்ப் பெயர் எல்லையைத் தொட்டுவிடும். பெயரின் பின்பகுதி வெட்டப்பட்டால் வாலும் சேர்ந்து போகும். இத்தகைய கோப்பைப் பதிவிறக்கிச் சுருக்கமான பெயரும் சரியான நீட்டிப்பும் கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

எந்த நீட்டிப்பைக் கொடுப்பது என்று தெரியாதபோது, கணினியில் நோட்பேடு மென்பொருளைத் திறந்து அதற்குள் அந்தக் கோப்பைத் திறவுங்கள். ஏதோ குப்பை எழுத்துகள் தோன்றும். முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். சதவீதக் குறியைத் தொடர்ந்து பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பிடிஎஃப் கோப்பு. பி, கே என்ற இரு எழுத்துகளில் தொடங்கினால் அது கோப்புகளைச் சுருக்கி ஒரே பொதியாகக் கட்டும் ஜிப் வகை. அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளை அங்கே பதித்துவைத்தார். 2007க்குப் பிந்தைய வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளும் உள்ளே ஜிப் பொதிகளே என்பதால் அவையும் இதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும். பார்த்து முடித்ததும் எதையும் சேமிக்காமல் நோட்பேடை மூடிவிட வேண்டும். அங்கே சேமித்தால் கோப்பு உண்மையிலேயே கெட்டுவிடும்.

இனி, அடிக்கடி குழப்பும் சில வால்கள். ஐபோனில் எடுத்த படங்கள் 2017இல் வெளியான ஐஓஎஸ் 11 முதல் எச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸில் அவை திறக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எச்இஐஎஃப், எச்இவிசி ஆகிய துணை நிரல்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதைவிட எளியது, அனுப்புபவரின் ஐபோனில் அமைப்புகளில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று சென்று 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என மாற்றிக்கொள்ளச் சொல்வது. அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகவே இருக்கும்.

'வின்மெயில் டாட் டேட்' என்ற பெயரில் ஒரு கோப்பு வந்தால் அனுப்பியவர் அனுப்பிய ஆவணம் அதற்குள் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவில் மடல் எழுதினால், மடலின் அலங்காரங்களும் இணைப்புகளும் மைக்ரோசாஃப்டின் தனி முறையில் ஒரே பொதியாகக் கட்டப்படும். அதைப் பிரிக்கத் தெரியாத மின்னஞ்சல் நிரல்கள் பொதியை அப்படியே காட்டிவிடும். அனுப்பியவர் தம் அவுட்லுக்கில் மடல் வடிவத்தை 'எச்டிஎம்எல்' என்று மாற்றி மறுபடி அனுப்புவதே நிலையான தீர்வு.

வங்கி இணையதளங்களிலிருந்தும் அலுவலக மென்பொருள்களிலிருந்தும் எடுக்கப்பட்ட எக்செல் கோப்புகள் சில, வாலில் எக்ஸ்எல்எஸ் என்று கொண்டிருந்தாலும் உள்ளே வெறும் இணையப் பக்க அட்டவணையாகவே இருக்கும். எக்செல் அவற்றைத் திறக்கும் முன், வடிவமும் நீட்டிப்பும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். கோப்பு எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒப்புதல் கொடுத்துத் திறந்து, புதிய எக்செல் வடிவில் சேமித்துக்கொள்ளலாம். கைபேசிச் செயலிகள் பலவற்றில் இத்தகைய கோப்பு திறக்கவே திறக்காது.

பிடிஎஃப்பில் ஒரு வகை தனியே சொல்லத்தக்கது. கோப்பு திறக்கும், ஆனால் காத்திருக்கச் சொல்லும் ஆங்கில வாசகம் மட்டும் ஒரு பக்கத்தில் நிற்கும், எத்தனை நேரம் காத்திருந்தாலும் மாறாது. நிரப்பக்கூடிய படிவங்களை அடோபியின் எக்ஸ்எஃப்ஏ முறையில் உருவாக்கினால் பல உலாவிகளிலும் கைபேசியிலும் இப்படித்தான் தோன்றும். கனடா குடிவரவுத் துறையின் சில விண்ணப்பப் படிவங்களில் இதைக் காணலாம். கோப்பைக் கணினியில் சேமித்து அடோபி ரீடரில் திறந்தால் படிவம் முழுமையாகத் தெரியும்.

நான்காம் படி: கடவுச்சொல்

கோப்பு பூட்டப்பட்டிருந்தால் அதற்கான சொல் பெரும்பாலும் மடலின் உடலிலேயே எந்த விதியின்படி அமைந்தது என்று எழுதப்பட்டிருக்கும். இணைப்பைத் தட்டும் அவசரத்தில் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். வருமான வரிக் கணக்குத் தாக்கலின் ஒப்புகைக்கு, பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் எழுதி, அதையடுத்துப் பிறந்த நாளை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் 8 இலக்கமாகச் சேர்க்க வேண்டும். இ-பான் கோப்புக்குப் பிறந்த நாளின் அந்த 8 இலக்கங்கள் மட்டும் போதும்.

இ-ஆதாருக்குப் பெயரின் முதல் 4 எழுத்துகளைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதி, பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டும். முன்னெழுத்தோடு பெயர் எழுதும் நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆதாரில் பெயர் 'பி. குமார்' என்று இருந்தால், பி என்ற எழுத்து, அடுத்துள்ள புள்ளி, குமாரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஆகியவை சேர்ந்துதான் நான்காகும். புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும்; இடைவெளி வராது.

சரியான சொல்லைத் தட்டியும் ஏற்கவில்லையென்றால் விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகளே தெரிவதால் தமிழ் தட்டப்படுவது கண்ணுக்குப் படாது. மடலிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்வதும் உண்டு. பூட்டிய ஜிப் கோப்பு சரியான சொல்லுக்கும் விண்டோஸில் திறக்காவிட்டால், அது ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கக்கூடும். இலவச 7-ஜிப் மென்பொருள் அதைத் திறக்கும்.

ஐந்தாம் படி: கணினியே தடுத்திருக்கிறதா?

இணையத்திலிருந்து வந்த கோப்பு ஒவ்வொன்றின் மீதும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையைக் குத்தி வைக்கிறது. வேர்டும் எக்செலும் அந்த முத்திரையைக் கண்டால் கோப்பைப் பாதுகாப்பு நோக்கில், படிக்க மட்டும் இயலும்படி திறக்கும். மேலே மஞ்சள் பட்டையில் உள்ள 'எனேபிள் எடிட்டிங்' பொத்தானை அழுத்தினால்தான் திருத்த முடியும். சில கோப்புகள் அந்த நோக்கிலேயே சிக்கித் திறக்காமல் போவதுண்டு. அனுப்பியவரை நன்கறிந்திருந்து, அவர்தான் அனுப்பினார் என்பதும் உறுதியானால், கோப்பின் மீது வலச் சொடுக்கி 'ப்ராப்பர்டீஸ்' சென்று, அடியில் 'அன்பிளாக்' என்ற கட்டத்தைத் தேர்ந்து மீண்டும் திறந்து பார்க்கலாம். ஆனால் சிவப்புப் பட்டை தோன்றி மேக்ரோ (ஆவணத்துக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல்) தடுக்கப்பட்டது என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2022இல் இந்தத் தடையை இயல்பாக்கியதற்குக் காரணம், மேக்ரோ வழியாகத் தீநிரல்கள் அவ்வளவு பரவியிருந்ததுதான்.

அலுவலகங்களில் பழைய அவுட்லுக் பயன்படுத்துவோருக்கு இன்னொரு விசித்திரமான தடை உண்டு. இணைப்பைச் சேமிக்காமல் நேரடியாகத் திறக்கும்போதெல்லாம் அவுட்லுக் அதன் நகலை ஒரு மறைவான தற்காலிகக் கோப்புறையில் வைக்கிறது. தினமும் ஒரே பெயரில் அறிக்கை வந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட நகல்கள் சேரும். 99 நகல்களைக் கடந்தபின் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். அவுட்லுக்கை மூடிவிட்டு 'கன்டென்ட் டாட் அவுட்லுக்' என்ற அந்தக் கோப்புறையைக் காலிசெய்தால் சரியாகிவிடும். காலிசெய்யும் முன் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பை நேரடியாகத் திறந்து, இரண்டு மணி நேரம் திருத்தி, 'சேவ்' அழுத்திவிட்டு எங்கே போயிற்று என்று தேடுபவர்களின் வேலை அங்கேதான் கிடக்கும்.

கைபேசியில் காரணங்கள் குறைவு. அந்த வகைக்கான செயலி இல்லை, அல்லது என்றோ தவறுதலாக 'எப்போதும்' என்று தேர்ந்த ஒரு செயலி ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து தோற்கிறது. அந்தச் செயலியின் அமைப்பில் இயல்புநிலைத் தேர்வை நீக்கினால் போதும்.

ஆறாம் படி: திறந்தது, ஆனால் தமிழ் படிக்க முடியவில்லை

தமிழ் ஆவணங்களைக் கையாளுவோருக்கே உரிய சிக்கல் இது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துருக்களே வழக்கிலிருந்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி, தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரிசையைக் கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களும், 2010இல் யூனிகோடும் டேஸ்16உம் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த அழைப்பிதழும் மலர்க் கட்டுரையும் இன்றும் மின்னஞ்சலில் வந்துகொண்டேயிருக்கின்றன.

பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. பாமினி எழுத்துரு இருக்கும் கணினி அவற்றை அம்மா என்று வரைந்து காட்டும். இல்லாத கணினி பொருளற்ற ஆங்கிலமாகவே காட்டும். ஆகவே கோப்பு கெட்டுப்போகவில்லை. வேர்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்து மேலே எழுத்துருப் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே தெரியும். அதை நிறுவினால் உடனே படிக்கலாம். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஆவணமாயின், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மூலத்தை வைத்துக்கொண்டு நகலில் மட்டும் மாற்றுங்கள். ஆவணத்தில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குளறுபடி செய்யும். அவற்றைக் கையால் திருத்துவது சலிப்பூட்டும் வேலைதான்.

அனுப்புபவர் எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பொதித்து அனுப்பிவிட்டால் பெறுபவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அடோபி ரீடரில் 'ப்ராப்பர்டீஸ்', 'ஃபான்ட்ஸ்' என்று சென்றால், பொதித்த எழுத்துருவின் அருகில் 'எம்பெடட்' என்று இருக்கும். அப்போதும் படிக்கத்தான் முடியும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பழைய ஆங்கிலக் குறிகளே வந்து விழும்.

ஏழாம் படி: திறக்காமலிருப்பதே நல்லது என்னும் கோப்புகள்

2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' என்ற தீநிரல் ஒரு காதல் கடிதம்போல டிஎக்ஸ்டி என்ற வாலுடன் வந்தது. அதற்குப் பின்னால் விபிஎஸ் என்ற இன்னொரு வால் மறைந்திருந்ததை விண்டோஸ் காட்டவில்லை. இன்றும் பிடிஎஃப் போலத் தோன்றி இஎக்ஸ்இ என்று முடியும் கோப்புகள் அதே உத்தியில்தான் வருகின்றன. இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே, ஏபிகே என்று முடியும் எதையும் மின்னஞ்சலிலிருந்து திறக்காதீர்கள். இவற்றுள் பலவற்றை ஜிமெயிலே தடுத்துவிடும்; அந்தத் தடையைச் சுற்றிச் செல்ல வழி தேடாதீர்கள். இணைப்பைத் திறந்ததும் உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்கும் எச்டிஎம்எல் பக்கமும் திருட்டு வலையே. திறந்துவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால், இந்தியாவில் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

எட்டாம் படி: செப்பனிடுவதும் மறுபடி கேட்பதும்

அனுப்பியவரை அணுக முடியாத நிலையில், கெட்டுப்போன வேர்டு கோப்பை வேர்டின் 'ஓப்பன்' சாளரத்தில் தேர்ந்து, பொத்தானின் அருகிலுள்ள அம்புக்குறியில் 'ஓப்பன் அண்டு ரிப்பேர்' என்பதைக் கொடுத்துப் பாருங்கள். எக்செலிலும் அது உண்டு. பிடிஎஃப்பாக இருந்தால் ரீடரில் திறக்காதது சில நேரம் குரோமிலோ எட்ஜிலோ திறக்கும். இலவசமாகச் செப்பனிட்டுத் தருவதாகச் சொல்லும் இணையதளங்களில் பத்திரம், அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஏற்றக் கூடாது. முன்பின் தெரியாதவரிடம் நகலைக் கொடுப்பதற்கு அது சமம்.

அனுப்பியவரைக் கேட்க முடியுமானால் 'திறக்கவில்லை, மறுபடி அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதினால் அதே கோப்பு அதே பழுதோடு திரும்பி வரும். கோப்பின் முழுப் பெயர், உங்களிடம் காட்டும் அளவு, பிழைச் செய்தியின் படம், எந்தக் கருவியில் எந்த மென்பொருளில் திறக்க முயன்றீர்கள் என்பது ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அவரிடம் அந்தக் கோப்பு திறக்கிறதா என்று முதலில் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் மூலக் கோப்பையன்று, 'சென்ட்' பெட்டியில் உள்ள மடலிலிருந்து இணைப்பைப் பதிவிறக்கி. அங்கேயும் திறக்கவில்லையென்றால் அனுப்பும்போதே கெட்டிருக்கிறது. அப்போது, சுருக்கமான ஆங்கிலப் பெயரிட்டு, பிடிஎஃப்பாக மாற்றி, எழுத்துருவைப் பொதித்து, பெரிய கோப்பாயின் அனுமதி திறந்த டிரைவ் சுட்டியாக அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.